செவலையின் குளியல்

செவலை குளியலறை வாசல்வரை வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் ஓர் அடிகூட எடுத்து வைப்பதாக இல்லை.

அவர் உள்ளே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குனிந்தே நின்றுவிட்டு வந்த முதுகு விண்விண்ணென்று தெறித்தது. உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் நாய்க்காக வேகவைத்த கோழித் துண்டு ஒன்று இருந்தது.

"வாடா ராஜா," என்றார். கெஞ்சுவதற்கான தெம்புகூட அந்தக் குரலில் இல்லை.

அதைக் குளிப்பாட்டப் பார்ப்பது இன்றோடு பதினெட்டு நாள்.

முதல் நாள் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். பத்து வருடமாக யார்மீதும் பல் பதித்தறியாத நாய், அவர் முழங்கையைக் கவ்விக்கொண்டது. கடிக்கவில்லை, விடவும் இல்லை. கவ்வியபடியே நடுங்கியது.

கால்நடை மருத்துவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். கதவைத் திறந்தே வையுங்கள். கால் வழுக்காமல் ரப்பர் விரிப்புப் போடுங்கள். குழாய்ச் சத்தம் வேண்டாம், வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அதுவாக உள்ளே வரும்வரை சும்மா உட்கார்ந்திருங்கள்.

உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம். ஒரு நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் கையிலிருந்த கோழித் துண்டைக் காணோம். செவலை வாசலுக்கு வெளியே, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நாயைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு அந்தத் தரையில்தான் அவர் மனைவி விழுந்தாள். ஓடிவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, செவலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்வரை இருவரும் உள்ளேயே கிடந்தார்கள்.

இப்போது அவள் முன்னறைக் கட்டிலில் இருக்கிறாள். வலது பக்கம் அசையாது. பேச்சு போய்விட்டது. இடது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருப்பாள். அந்தக் கைக்கு அடியில் செவலை படுத்திருக்கும், மூன்று மாத அழுக்கோடு.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் நர்ஸம்மா முந்தாநாள் மூக்கைப் பொத்திக்கொண்டே வேலையை முடித்தாள். செய்தி மகளுக்குப் போய்விட்டது. போனில் அவள் கண்டிப்பாகச் சொன்னாள்.

"அம்மாவுக்கு ஏதாவது தொத்திக்கிட்டா யாருப்பா பாக்கறது? இந்த வாரத்துக்குள்ள அதைக் குளிப்பாட்டுங்க. முடியலன்னா யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

செவலையை மருத்துவரிடம் கூட்டிப் போன அன்று, மனைவியின் கை வெகுநேரம் வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்ததாக நர்ஸம்மாவே சொல்லியிருந்தாள். மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

செவலை ஒரு காலை ரப்பர் விரிப்பின்மேல் வைத்தது.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

இரண்டாவது கால். பிறகு, எப்படியும் ஆகட்டும் என்பதுபோல, முழு உடம்பும்.

குவளையில் தண்ணீரை மொண்டு முதலில் தன் முழங்காலில் ஊற்றிக்கொண்டார். செவலை அதை முகர்ந்து பார்த்தது. அடுத்த குவளையை மெல்ல அதன் முன்னங்காலில் ஊற்றினார். நடுங்கியது. ஆனால் ஓடவில்லை. முதுகுக்குப் போனார், வயிற்றுக்குப் போனார், காதுக்குப் பின்னால் விரலால் தேய்த்தார். கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. பாதிக் குளியலில் அது தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டது. இனி நீயாயிற்று, நானாயிற்று என்று அவரும் நனைந்தார்.

துடைப்பதற்குள் பிய்த்துக்கொண்டு ஓடியது. முன்னறையில் சொட்டச் சொட்ட அது உடம்பை உதறும் சத்தம் கேட்டது. கூடவே மனைவி சிரிப்பதும் கேட்டது. மூன்று மாதத்தில் இதுதான் முதல் சிரிப்பு.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். அவர் எழவில்லை. முதுகு வலி அதற்குக் காரணம் இல்லை.

மனைவி விழுந்த அன்று பகல் பதினொன்றரை மணிக்கு மாடி வீட்டுக்காரர் போன் செய்தார். இவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கம்பி வடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "உங்க நாய் குளியலறைக்குள்ளேர்ந்து விடாம குரைக்குதுங்க," என்றார் மாடி வீட்டுக்காரர்.

"நாய்னா குரைக்கத்தாங்க செய்யும்," என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்தார்.

மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் போனைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் கதவைத் திறந்தபோது மணி ஆறரை. செவலை அவளுடைய காலடியில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.