கரும்புக் கொல்லையில் அம்மாவின் குரல்

மாலை வெயில் கரும்புத் தோகைகளுக்கிடையே கீற்றுக் கீற்றாக இறங்குகிறது. திருவெண்ணெய்நல்லூர் சாலையோரக் கொல்லைக்குள், பதினேழு வயது எஸ்தர் தன் தங்கை ரோஜாவின் வாயைப் பொத்தியபடி குந்தியிருக்கிறாள். இயந்திரங்கள் மனிதர்களை வேட்டையாடத் தொடங்கிய பிறகு, அவர்கள் ஊரில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். வரப்பில் நாலு கால் இயந்திரம் ஒன்று நிதானமாக நடந்து வருகிறது. சருகு நொறுங்கும் சத்தம் நின்று, அதனுள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்கிறது. "ரோஜா, எங்கடி இருக்க? கேப்பைக் கூழு ஆறிப்போவுது, ஜல்தி வாம்மா." விக்கிரவாண்டி பாலத்தடியில் அம்மா செத்துக் கிடந்ததை இருவரும் பார்த்தவர்கள். செத்தவர்களின் செல்போன்களிலிருந்து இவை குரலை எடுத்துக்கொள்கின்றன என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் ரோஜாவின் உதடுகள் அக்காவின் உள்ளங்கைக்குள் 'அம்மா' என்று அசைகின்றன. எஸ்தர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். தோகை கீறிய அவள் முழங்கையில் எறும்பு ஊர்கிறது. குரல் மறுபடி மறுபடி ரோஜாவை அழைக்கிறது. பிறகு காலடி ஓசை விலகி, ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்து போகிறது. எஸ்தர் கையை எடுக்கிறாள். "போயிடுச்சாக்கா?" என்கிறாள் ரோஜா. "போயிடுச்சு." எஸ்தர் முகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். "அம்மா என் பேர சொல்லி ஒரு வாட்டிகூட கூப்பிடலடி."