பிந்தி அடித்த மணி

"இப்ப இருக்கற ஜனங்களுக்கு எதையும் நேர்ல பாக்கவே தெரியல. எல்லாத்துக்கும் ஒரு பெட்டி! துணி துவைக்கப் பெட்டி, பாத்திரம் கழுவப் பெட்டி, பொம்பள உசுரோட இருக்காளான்னு பாக்கவும் ஒரு பெட்டி. நல்லாப் பாத்துச்சே உங்க பெட்டி!"

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஜை முழுக்கச் சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி ஒயர்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பெட்டி, மூடி கழற்றிக் கிடந்தது.

அவருடைய மனைவியின் நெஞ்சில் மாட்டியிருந்த பெட்டி அது. செய்தவன் மருமகன். இதயம் தடுமாறினால் அந்த நொடியே மணி அடிக்க வேண்டும். அவள் இறந்த அன்று மத்தியானம் அடிக்கத்தான் செய்தது, எல்லாம் முடிந்த பிறகு.

"உங்க பெட்டியோட நீங்களே குடித்தனம் நடத்துங்க" என்று மருமகனிடம் சொல்லிவிட்டு மகள், வீட்டில் எல்லாருக்கும் பாப்பா, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். திருத்திய பெட்டியை அப்பா போய்ப் பார்த்துச் சரியென்று சொன்னால் திரும்பிப் போவாள். அதற்காகத்தான் வந்திருந்தார்.

"பாப்பா சாப்பிடறாளா மாமா?"

"அத விடுங்க இன்ஜினியர் சார். மணி ஏன் லேட்டாச்சு? அதச் சொல்லுங்க."

மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்தான். மருமகன் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"அத்தையோட இதயத் துடிப்பு மொத்தமும் பெட்டிக்குள்ள ஒரு ஃபைலா சேந்துக்கிட்டே இருக்கும் மாமா. வெளியிலேர்ந்து யாராவது கேட்டா, பெட்டி அத நெட் வழியா அனுப்பும். அனுப்புற விதத்துலதான் நான் கோட்டை விட்டுட்டேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"கிடங்குல மூட்டை இருக்கு. வாசல்ல வண்டி நிக்குது. நேரா தூக்கி ஏத்தாம, ஒவ்வொரு மூட்டையையும் வீட்டுக் கூடத்துல இறக்கி, திரும்பத் தூக்கி வண்டியில ஏத்தினா எப்படி இருக்கும்? அப்படித்தான் செஞ்சிருந்தேன். பெட்டிக்கு ரெட்டை வேலை. அந்த நேரத்துல மணி அடிக்க ஆள் இல்ல."

"இப்ப?"

"கிடங்குலேர்ந்து நேரா வண்டிக்கு. கூடத்துப் பக்கமே வராது. எவ்வளவு பெரிய ஃபைல் போனாலும் மணிக்குத்தான் முதல் மரியாதை. பாருங்க."

எதையோ தட்டினான். திரையில் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போதே, இதயத்துக்குப் பதிலாக மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கினான். மணி அலறியது. பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தச் சத்தம் அன்னிக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

மருமகன் ஒயரைத் திரும்பச் சொருகி மணியை நிறுத்தினான்.

"சரி, அன்னிக்கு அந்த ஃபைலக் கேட்ட புண்ணியவான் யாரு?"

மருமகன் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தான். "ஆஸ்பத்திரி மெஷின் ஏதாவது கேட்டிருக்கும். ஒரு தடவை கேட்டிருந்தா பெட்டி தாங்கியிருக்கும். விடாம கேட்டிருக்கு."

"அந்த மெஷின்காரன் மட்டும் என் கையில கிடைக்கணும், தோலை உரிச்சிருவேன். இத ஏன் பாப்பாகிட்ட சொல்லல?"

"கேட்டது யாரா இருந்தா என்ன மாமா? யார் எத்தனை தடவை கேட்டாலும் மணி அடிச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான். அவளுக்கு அப்படியே தெரிஞ்சிருக்கட்டும்."

பெரியவர் எழுந்தார். "வித்தையெல்லாம் நல்லாத்தான் காட்டறீங்க. எனக்கு நம்பிக்கை வரல. பாப்பா வர மாட்டா."

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஒயர்களுக்கு நடுவே வைத்தார்.

"இதையும் நீங்களே வச்சுக்கோங்க. நீங்க வாங்கிக் குடுத்ததுதானே? பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, 'முழுப் பதிவையும் காட்டு'ன்னு இதுல ஒரு பொத்தான் வச்சுக் குடுத்தீங்களே. உங்க பெட்டி மேல எனக்கு என்னிக்கு நம்பிக்கை இருந்துச்சு? அன்னிக்கு உங்க அத்தை பக்கத்துலயே உக்காந்து அதத்தான் அமுக்கினேன். வட்டம் சுத்துச்சு, ஒண்ணும் வரல. திரும்பத் திரும்ப அமுக்கிக்கிட்டே இருந்தேன். தலையத் தூக்கி அவ முகத்தப் பாக்கறப்ப..."



"தெரியும் மாமா" என்றான் மருமகன், தரையைப் பார்த்தபடி.

பெரியவர் படியிறங்கினார். "தெரியுமாம்ல! பக்கத்துல இருந்த எனக்கே தெரியல, இங்க உக்காந்திருந்தவனுக்கு எப்படித் தெரியும்?" என்று முனகிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.