முத்துச்செல்வியின் பலாமரம்

குற்றாலம் மலையடிவாரத்தில் முத்துச்செல்வியின் தோப்பு. பலாமரத்தடி முழுக்கக் கரடி தின்றுபோட்ட சக்கை கிடந்தது.

வனக்காவலர் அண்ணாந்து பார்த்தார். “மரத்துல ஒரு பழம் மிச்சம் வைக்கலியே. வாசனைக்குத்தான் தெனமும் வருது. மரத்த வெட்டிருங்கக்கா.”

“வெட்ட மாட்டேன்.”

“கரடி அடிச்சா?”

“என்னையத்தான அடிக்கும்? நீங்க கெளம்புங்க சார்.”

அவர் போனதும், அவள் புருஷன் மாரி சைக்கிளில் இருந்து சாக்கை இறக்கினான். உள்ளே, செங்கோட்டைச் சந்தையில் வாங்கிய இரண்டு பலாப்பழங்கள்.

“ஏட்டி, நம்ம மரம் காய்ச்சு நாலு வருசமாச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டும். ரிசார்ட் கட்டத் தோப்பக் கேட்டு மிரட்டுனவனுவ, கரடி வந்த பொறவு இங்கன எட்டிப் பாத்தானுவளா? அந்தப் பழத்த வெட்டி மரத்தடியில வையுங்க.”