ஒன்பதாவது ஆமா

ஹெட்போன் காதில் ஏறியதும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பெரிய கலைஞர்கள் அப்படித்தான் மூடுவார்கள். புகைப்படங்களில் பார்த்திருக்கிறார். தன்னுடைய புகைப்படங்களில்.

ஒலிப்பதிவில் சத்தம் வருமென்று ஏசியை அணைத்திருந்தார்கள். மே மாதம். அப்படியும் அவர் தோல் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அது முனகினால் டேக் கெட்டுவிடும் என்றார்கள். எனவே சிலைபோல அசையாமல் நின்றார்.

சிலைபோல நிற்பது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோகு விரலை உயர்த்தினான். பாட்டின் தாளம், அந்த பீட், அவனுடையது.

"ஆமா!"

இடி விழுந்தாற்போல் இருந்தது. லோகு ஏதோ ஒரு குமிழைத் திருகிக் குறைத்தான்.

"சார், ஆமா சொல்லச் சொன்னா சண்டைக்கு வர்றீங்களே!"

சொன்னது ஜெனிட்டா. இந்த ராப் குழுவில் பாட்டுக் கட்டுபவளும் அவள்தான், பாடுபவளும் அவள்தான். அவளுக்கு வயது இருபத்து நாலு. அவருடைய புகழ்பெற்ற பாட்டுக்கு முப்பத்திரண்டு.

அந்தப் பாட்டில் ஒரே சொல்தான் பல்லவி.

முடியாது.

மேடையில் அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினால் போதும். ஐயாயிரம் தொண்டைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தமிழ் ராக் என்றால் அந்த ஒரு சொல்தான் என்று எழுதினார்கள். எழுதாதவர்களுக்கு அவரே எடுத்துச் சொன்னார்.

இந்த ஆல்பத்துக்குப் பாட்டெழுத ஒப்புக்கொண்ட அன்றே பேட்டி கொடுத்தார். ராப்புக்கு முதுகெலும்பு கொடுக்கப் போகிறேன் என்று.

பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

ஜெனிட்டா அந்தத் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்காளுங்க அவங்கவங்க எழுதுனதத்தான் பாடுவாங்க. அடுத்தவங்க எழுதுனது எச்சி சோறு மாதிரி."

அதற்குள் போஸ்டர் வந்துவிட்டிருந்தது. அவர் பெயர்தான் மேலே.

லோகுதான் ஒரு வழி கண்டுபிடித்தான். பாட்டில் ஜெனிட்டா ஒரு கேள்வி கேட்பாள். அதற்குப் பின்னாலிருந்து ஒருவர் ஆமா போட வேண்டும். ஒரே ஓர் இடம். அதுவும் சரிவராவிட்டால் அவர் போஸ்டரில் மட்டும்தான் இருப்பார்.

முப்பத்திரண்டு வருடம் முடியாது என்றவர் ஆமா போட நின்றார்.

இரண்டாவது ஆமா மூக்கால் வந்தது.

நாலாவது கர்ஜித்தது.

ஏழாவதின் வால் நீண்டு, கிதார் கம்பிபோல நடுங்கி, பீட் முடிந்த பிறகும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டாவதில் ஜாக்கெட் முனகிவிட்டது.

கழற்றினார். உள்ளே வெறும் பனியன்.

"லோகு, சார் காதுல வெறும் பீட்டுதான உட்டிருக்க? எதுக்கு ஆமா சொல்றோம்னே தெரியாம சொல்லிட்டிருக்காரு. என் குரலையும் உடு."

அவர் மறுபடி கண்களை மூடிக்கொண்டார்.

இந்த முறை பீட்டுக்கு மேலே அவள் வந்தாள்.

*ஆத்தங்கர எங்க ஊடு, புல்டோசரு முன்னாடி*
*எதிர்க்கரையில் நிக்குதுபார் அஞ்சாவது மாடி*
*கையில் காபி, பால்கனியில் எட்டிப் பாத்த ஜோடி*
*பாத்தியா? பாத்தியா? பாத்துட்டு உள்ள போனியா?*

அவர் கண்களைத் திறந்தார்.

அந்தக் கரையில் ஐந்தாவது மாடிகள் எத்தனையோ இருக்கின்றன. அவர் எண்ணத் தொடங்கினார். முடியாது என்ற சொல் வாங்கிக் கொடுத்த வீட்டுக்கு வந்ததும் எண்ணுவது நின்றுவிட்டது.

எதிரே வீடுகளை இடித்த அன்று தூசி அதிகம். காபியில்கூட மண் கடித்தது. ஜன்னலைச் சாத்துங்க என்றாள் மனைவி. சாத்திவிட்டு உட்கார்ந்து ஒரு புரட்சிப் பாட்டு எழுதினார்.

மூன்றாவது சரணத்தில் புல்டோசர் அழகாக உட்கார்ந்தது.

லோகுவின் விரல் உயர்ந்து, இறங்கியும்விட்டது.

"ஆமா."

கரகரப்பு இல்லை. வால் இல்லை. வீட்டில் யாராவது கேட்டால் சொல்கிற ஆமா.

"லேட்டு சார்," என்றான் லோகு. "இன்னொண்ணு போலாம்."

"வேணாம். இதையே வச்சுக்கோ." ஜெனிட்டா கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது லேட்டாத்தான் வரும்."

அவர் வெளியே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போட்டுக் காட்டச் சொன்னார். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை முடிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். பதினோரு பக்கங்களும் மடியில் இருந்தன. அவற்றால் விசிறிக்கொண்டார்.

ஆல்பத்தின் உறைக்கு லோகு பெயர்களைக் கேட்டு வந்தான்.

"உங்க பேர எப்படிப் போடட்டும் சார்? பாடலாசிரியர்னு?"

மரியாதைக்காகக் கேட்டதுதான். தலையாட்டியிருந்தால் போட்டிருப்பார்கள்.

"முடியாது."

அந்தச் சொல்லை அவர் இவ்வளவு மெதுவாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கைதட்ட ஆளும் இல்லை.

"ஆமான்னு சொன்னவர்னு போடு."

பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பனியனோடுதான்.

"எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

ஜெனிட்டா லோகுவிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அவர் சொன்னபடியே எழுதினாள். ஓர் எழுத்துகூட மாற்றாமல்.