வெளியில் வாங்கிய பெட்டி

எர்வின் மருத்துவமனையில் இறந்த மறுநாள், அவர் மனைவி வெர்னா அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள தங்கள் சிற்றூரின் இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போனாள். "அவங்ககிட்ட ஏமாந்துடாதே" என்பதுதான் எர்வின் கடைசியாகச் சொன்னது.

விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கினாள். "உடம்பைப் பதப்படுத்த வேண்டாம். சவப்பெட்டி வெளியிலதான் வாங்குவேன். அதுக்கு நீங்க தனியா காசு கேக்கக் கூடாது, சட்டம் இருக்கு."

"தெரியும்மா," என்றார் உரிமையாளர் ஹட்சின்ஸ். "பெட்டிதான் நேத்து சாயங்காலமே வந்துடுச்சே. கொண்டுவந்தவரும் இதே சட்டத்தைத்தான் சொன்னார்."

"யாரு? எங்களுக்குன்னு யாருமில்லையே."

"தொப்பி போட்ட ஒருத்தர். பச்சை பிக்கப் வண்டியில வந்தார். உங்க சரக்கை அவ தலையில கட்டாதீங்கன்னு ஒரே சண்டை."

இது ஏதோ வியாபாரத் தந்திரம் என்று வெர்னாவுக்குப் பட்டது. "எனக்குக் காது குத்தாதீங்க" என்று எழுந்துவிட்டாள்.

எர்வினின் பச்சை பிக்கப், அவர் படுத்ததிலிருந்து கொட்டகையிலேயே நின்றது. வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொட்டகையைத் திறந்தாள். வண்டி இல்லை. தரையெங்கும் புதிய மரத்தூள் கிடந்தது. பிரேக் சரியாகப் பிடிக்காத அந்த வண்டியை எர்வின் உள்ளே விடும்போது சக்கரத்துக்கு அவள் முட்டுக் கொடுக்கும் செங்கல் ஓரமாக இருந்தது.

சாலைத் திருப்பத்தில் பழக்கப்பட்ட இன்ஜின் சத்தம் கேட்டது. வெர்னா செங்கலைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒதுங்கி நின்றாள்.