இருபத்தொரு சுற்று

காத்தான் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையின் உருளையில் பூசியிருந்த மையை யாரோ மறுபடியும் துடைத்திருந்தார்கள். இது மூன்றாவது தடவை.

"பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் வேலைதானுங்க," என்றாள் தண்ணீருக்கு வந்த மாரக்காள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "வரப்பு வேம்புக்குச் சண்டை போட்டு ரெண்டு பேருக்கும் பத்து வருசமாப் பேச்சில்லை. காத்தான் மாடு நோவாம இழுத்தா இவனுக்கு வயிறு எரியாதுங்களா?"

கைலாசத்துக்கு நெஞ்சு கொதித்தது.

பஞ்சு மில்லில் பதினாறு வருஷம் எண்ணெய் விட்டவர் அவர். எது உரசுகிறது, எது தேய்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். மாக்கல்லை இடித்துத் துணியில் சலித்து, ஆமணக்கெண்ணெயில் குழைத்து ஒரு மை கண்டுபிடித்திருந்தார். ஐந்து கிணற்றில் அதற்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை அச்சைச் சுற்றி நூல் பிடித்து அளப்பார். நூல் குறைந்தால் அச்சு தேய்ந்தது என்று அர்த்தம்.

நாலு கிணற்றில் நூல் இம்மி குறையவில்லை. உருளைகள் ஊமையாகிவிட்டன. காத்தான் கிணறும் அடங்கினால், ஆடிப் பதினெட்டுக்கு ஊரைக் கூட்டிக் காட்டிவிடலாம்.

கண்ணை மூடினால் அதேதான். ஜலகண்டாபுரத்திலிருந்து புது அணைக்கட்டு வரைக்கும் ஆயிரம் கவலை ஓடுகிறது, ஒரு கிறீச் இல்லை. விடிவெள்ளி நேரத்தில் தண்ணீர் மொண்ட தோல் சால்கள் மேகம் மாதிரி ஏறுகின்றன. மாடுகள் தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடக்கின்றன. தண்ணீர் மட்டும் பேசுகிறது.

அந்தக் கனவில் ஒருத்தன் மண்ணைப் போடுகிறானே!

"ஏப்பா காத்தா, தொடைச்சது யாருன்னு உனக்குத் தெரியலையா?"

"போனாப் போவுதுங்க சாமி, உட்டுருங்க," என்றான் காத்தான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"உடறதா? நாளைக்கு நானே காவல்."

மறுநாள் கோழி கூப்பிட எழுந்து போனார். அச்சில் மையை அப்பிவிட்டு, கிணற்றோரம் ஆவாரஞ்செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். யாரும் வரவில்லை.

காத்தான் மாட்டைப் பூட்டி, வடக்கயிற்றில் உட்கார்ந்து, மாடு நடக்கிற சரிவான வாரியில் இறக்கினான். உருளை சுற்றியது. சத்தமே இல்லை! தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற ஓசை மட்டும். பனி மெல்ல நகர்ந்தது. கைலாசத்துக்குத் தான் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியவில்லை.

சால் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். மாடுகள் கிணற்றை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து மேடேறின. காத்தான் காலைத் துழாவித் துழாவி வைத்தான்.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"பதினாறு... பதினேழு... பதினெட்டு..."

சின்னண்ணன்தான். தன் வேம்படியில் நின்று, உருளையையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"இருபது... இருபத்தொண்ணு!"

"ஓ... நில்லு!" என்றான் காத்தான். மாடுகள் நின்றன.

கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டினார். "ஏப்பா, தொடைச்சது பத்தாதா? வேலை செய்யற மனுசனைக் கூவிக் கூவி வேற கேலி பண்றயா?"

"மெதுவாப் பேசுங்கண்ணா," என்றான் சின்னண்ணன். "மாட்டோட பின்னங்காலைப் பாருங்க."

பார்த்தார். கிணற்று விளிம்புக்கு ஒரு சாண்தான் இருந்தது.

"இப்ப அவன் மூஞ்சியைப் பாருங்க."

காத்தான் கிழக்கே பார்த்து நின்றான். எழுந்து வந்த சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. இமை அசையவில்லை.

கைலாசம் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு தெரியாம எத்தனை நாளா?"

"ஆறு மாசமுங்க. நெலம் குத்தகை. அஸ்தம்பட்டி எசமானுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளை உட்டுருவாரு. உருளை ஒரு சுத்துக்கு ஒருக்காக் கத்துமுங்க. மாடு பின்னால வர்றப்ப அதை எண்ணி, இருபத்தொரு கத்துக்கு நிறுத்துவான். நீங்க அதோட வாயை அடைச்சுப்போட்டீங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா!"

"அவனே எங்கிட்டச் சொல்லலையே. வரப்புல நின்னு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. பேச்சில்லாத எடத்துல இதை எப்படிப் போய்க் கேக்கறது? அதான் விடியறதுக்கு மின்னால தொடைச்சேன். இன்னிக்கு நீங்க மின்னாலயே வந்து குந்திக்கிட்டீங்க. கத்தித் தொலைச்சேன்."

அதற்குள் காத்தான் மாட்டை மறுபடி வாரியில் இறக்கிவிட்டான். "தள்ளுங்கண்ணா, எண்ணோணும்," என்று சின்னண்ணன் அவரை ஒதுக்கினான்.

ஆடிப் பதினெட்டு வந்தது. கைலாசம் ஊரைக் கூட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போனார். நாலு உருளையும் கனவில் கண்ட மாதிரியே ஓடின. ஊர் வாயைப் பிளந்தது.

ஐந்தாவது கிணற்றில், "கிறீச்... கிறீச்..."

எல்லோரும் சின்னண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் சொல்லலை?" என்றாள் மாரக்காள். "நல்ல நாளும் அதுவுமாத் தொடைச்சுப்போட்டான் பாருங்க. இவன் கை அழுவிப் போவ!"

"அவனை ஒண்ணும் சொல்லாத ஆத்தா," என்றார் கைலாசம். "இந்த அச்சுகிட்ட என் மை தோத்துப்போச்சு."

சொல்லிவிட்டு, காலையில் அந்த அச்சைத் துடைத்த தன் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். விரலில் மை இன்னும் காயவில்லை.