கண்டுபிடிக்காத தாத்தா

"ஏங்க, உங்க அப்பா பண்ற அநியாயத்தைக் கொஞ்சம் வந்து பாருங்க. தூங்கறார்!"

முதியோர் குடியிருப்போட நீள வராண்டா. அதுல ஒரு நாற்காலி. நாற்காலியில மாமனார், முகத்துல துண்டு.

புருஷன் எட்டிப் பார்த்தான்.

"தூங்கலடி. பசங்களோட கண்ணாமூச்சி ஆடறார். கண்ணை மூடிக்கிட்டு எண்ணறார்."

"எண்ணறாரா? கொர்ர்ர்னு சத்தம் வருதே, அது எந்த நம்பருங்க?"

அவன் தலையைச் சொறிஞ்சான்.

"போன மாசமும் இதே கூத்துதான். வந்து இறங்கினதும் 'ஓடிப் போய் ஒளிஞ்சுக்குங்க கண்ணுங்களா'ன்னார். நாம கிளம்பற வரைக்கும் கண்டுபிடிக்கவே இல்ல. வழியெல்லாம் தாத்தா தாத்தான்னு உசிரை விட்டுட்டு வருதுங்க ரெண்டும். இவருக்கு அதுங்க தொல்லை. நாசூக்கா துரத்தி விடறார்!"

"மெதுவா பேசு, காதுல விழப்போகுது."

"விழட்டும். அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க மட்டும் வாங்க. பசங்களை அனுப்ப மாட்டேன்."

"நான்... போய் வண்டியைத் திருப்பி நிறுத்தறேன்."

பிரச்சனைன்னு வந்துட்டா அவனுக்கு உடனே வண்டியைத் திருப்பணும்.

மருமக முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, தானே தேடக் கிளம்பினா.

முதல் ரூம்ல ஒரு கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆச்சு, குரல் மட்டும் இன்னும் ஆகல. சோபாவுல காலை நீட்டி உட்கார்ந்து, மேல போர்வை போர்த்தியிருந்தாங்க. ஒரு முட்டி ஒழுங்கா இருந்தது. இன்னொண்ணு பூசணிக்காய் சைஸ்.

"டீச்சர், எங்க குட்டி இந்தப் பக்கம் வந்தாளா?"

"எந்தக் குட்டி? யாரும் வரலையே."

"அது என்ன, போர்வைக்குள்ள?"

"முட்டி வீக்கம்மா. வயசாச்சில்ல."

வீக்கம் களுக்குனு சிரிச்சது.

"டீச்சர், வீக்கம் சிரிக்குது."

"அதாம்மா, டாக்டருக்கே ஒண்ணும் புரியல!" டீச்சர் முகத்துல துளி சிரிப்பு இல்ல. ரெண்டு கையாலயும் வீக்கத்தை இறுக்கி அணைச்சுக்கிட்டாங்க. "கதவை லேசா சாத்திட்டுப் போம்மா. காத்து பட்டா வலிக்கும்."

'சரி, ஒண்ணு இருக்கற இடம் தெரிஞ்சுது. பெரியவனைப் பிடிச்சுக்கிட்டு வந்து இவளை வெச்சுக்கறேன்'னு அடுத்த ரூமுக்குப் போனா.

அங்க இருந்தவரை எல்லாரும் ஜட்ஜ்னுதான் கூப்பிடுவாங்க. கோர்ட்ல நிஜமாவே ஜட்ஜா இருந்தவர். ஒரு பக்கம் கை கால் விழுந்து, படுத்த படுக்கை.

"சார், எங்க பையன் இங்க இருக்கானா?"

"இல்லை."

"கட்டிலுக்குக் கீழ ஒரு ஷூ தெரியுதே."

"என்னுது."

"மினுக்கு மினுக்குனு சிவப்பு லைட் எரியுது சார்."

ஜட்ஜ் கொஞ்சம் யோசிச்சார். "பாத்ரூம் போறப்ப தடுக்கி விழக் கூடாதுன்னு டாக்டர் போடச் சொன்னார்."

எழுந்தே நிக்க முடியாத மனுஷன்!

மருமக குனியப் போனா. கட்டில் ஓரமா அவரோட நல்ல கை கீழ தொங்கிக்கிட்டிருந்தது. அந்தக் கையோட சுண்டு விரலை ஒரு சின்னக் கை பிடிச்சிருந்தது.

"கண்டுபிடிச்சுடாதம்மா," ஜட்ஜ் குரல் இறங்கிடுச்சு. "போன தடவை டாக்டர் வீட்டம்மா ரூமுக்குப் போயிட்டான். அதுக்கு முன்னாடி போஸ்ட்மாஸ்டர். உன் மாமனார்கிட்ட நானும் எத்தனை மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத்தாம்மா என் முறை."

மருமக நிமிர்ந்தா. சத்தம் போடாம வெளிய வந்தா.

வராண்டாவுல இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு வரிசையா ரூம். ஒரு கதவுகூட முழுசா சாத்தியில்ல. எல்லாம் ஒரு பொடிசு நுழையற அளவுக்குத் திறந்திருந்தது.

மாமனார் பக்கத்துல போய் நின்னா. குறட்டை நின்னுது. துண்டுக்குள்ளேர்ந்து குரல் மட்டும் வந்தது.

"ஜட்ஜ் ரூம் வரைக்கும் போயிட்டியா?"

"நீங்க தூங்கலையா மாமா?"

"தூங்கிக்கிட்டே குறட்டை விட்டுடலாம்மா. முழிச்சுக்கிட்டு விட்டுப் பாரு, தொண்டை என்னமா வறண்டு போகுது!"

"உங்களுக்கு ஆசையா இல்லையா மாமா, பசங்களைப் பக்கத்துல வெச்சுக்கணும்னு?"

துண்டு மெதுவா விலகினது. கண்ணு ரெண்டும் செவந்திருந்தது.

"இல்லாமயா? நேத்து ராத்திரியெல்லாம் தூக்கம் வரலம்மா, இதுங்க வருதுன்னு. ஆனா இந்த வரிசையில பேரப்பிள்ளைங்க வர்றது எனக்கு மட்டும்தான். அத்தனை பேரும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருக்கும்போது, நான் மட்டும் மடியில வெச்சுக் கொஞ்சினா, எனக்கு எப்படிம்மா உள்ள இறங்கும்?"

அவ கையில இருந்த போன் அடிச்சது. புருஷன்.

"வண்டியைத் திருப்பிட்டேன். பசங்க கிடைச்சாங்களா, இல்லையா?"

மருமக ஒரு நாற்காலியை இழுத்து, மாமனார் பக்கத்துல போட்டு உட்கார்ந்தா.

"எங்கங்க! எந்த மூலையில ஒளிஞ்சிருக்குதுங்கன்னே தெரியல. அடுத்த மாசம் விடியறப்பவே கிளம்பி வந்துடணும். இதுங்களைத் தேடறதுக்கு ஒரு பொழுது பத்தாது!"